தோற்பை வாங்கப் போகிறீர்களா? தாராவி வழியாகப் போய் வாருங்கள்

எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதியோடு தொடங்குகிறேன். என் மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் நாள் கையில் நல்லதொரு பை இருக்கட்டும் என்று பெரிய கடை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். அவள் கண் ஒரு பையிலேயே நின்றது. வெளிநாட்டுப் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். "அசல் லெதர் மேடம்" என்றார் விற்பனையாளர். விலையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முதல் வேலை ஆயிற்றே என்று எடுத்துக் கொடுத்தேன்.

முதல் மழைக்காலம் ஒருவாறு தாண்டியது. இரண்டாவது மழைக்காலத்தில் கைப்பிடியின் மேல்பூச்சு செதில் செதிலாகக் கழன்று அவள் வெள்ளைச் சுடிதாரில் ஒட்டிக்கொண்டது. உள்ளே தெரிந்தது வெறும் துணி. மனம் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு தாராவியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பைத் தொழிலாளியிடம் போனேன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் நெல்லைப் பேச்சு மாறவில்லை. பையைக் கையில் வாங்கியதுமே சிரித்துவிட்டார்.

"அக்கா, இது தோலே இல்லை. ரெக்சின்."

"ஏன் அண்ணாச்சி, அசல் என்று சொல்லித்தானே விற்றான்?"

"பேரைப் பாத்திருக்கீங்க. ஓரத்தைப் பாக்கலை."

அன்று ஒன்றரை மணி நேரம் அவர் பட்டறையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டதையும், பிறகு படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதையும் நம் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரை. நம் வீடுகளில் தோற்பை என்பது அடிக்கடி வாங்கும் பொருளன்று. முதல் சம்பளம், திருமணச் சீர், பணி ஓய்வுப் பரிசு என்று யோசித்து வாங்குவது. ஏமாந்தால் பணத்தோடு மனமும் நோகிறது.

நெல்லையும் தாராவியும் தோலும்

தாராவி என்றதும் குடிசையும் நெரிசலும் மட்டுமே பலருக்கு நினைவு வருகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் நம்மவர்களிலேயே பலர் அந்தப் பக்கம் இட்லி மாவுக்கும் பொங்கல் பானைக்கும் போவார்களே தவிர, தோல் கடைக்குள் நுழைந்திருக்க மாட்டார்கள். ஆனால் பம்பாயின் தோல் தொழிலை வளர்த்தவர்களில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெல்லைப் பகுதியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கே தோல் பதனிடும் சாலைகளை நிறுவினார்கள். அதே பகுதியிலிருந்து வந்த ஆதி திராவிடத் தொழிலாளர்கள் அவற்றில் உழைத்தார்கள். நகரத்தின் விளிம்பில் கிடந்த சதுப்பு நிலம் அது. நாற்றமெடுக்கும் தொழிலை நகருக்கு வெளியே தள்ளிவிட்ட அரசுக்கு அந்த இடம் வசதியாக இருந்தது. பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடத்திலிருந்து பச்சைத்தோல் பக்கத்திலேயே கிடைத்தது.

1971-இல் அந்த இறைச்சிக்கூடம் தேவனாருக்கு, அதாவது நம் செம்பூருக்கு அப்பால், மாற்றப்பட்டது. பிறகு கழிவுநீர்க் கட்டுப்பாடுகளும் இறுகின. பதனிடும் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாராவியை விட்டு வெளியேறின. இன்று பதனிட்டு நிறம் ஏற்றிய தோல் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருகிறது. வெட்டுவதும் தைப்பதும் இங்கே நடக்கின்றன. 2015-இல் மகாராஷ்டிர அரசு பசுவுக்கு இருந்த தடையைக் காளைக்கும் எருதுக்கும் நீட்டித்தது. அதன்பின் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் பட்டறைகளில் கூடுதல் இடம் பிடித்தன. சிலர் தோலையே விட்டார்கள். சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் தாராவித் தோல் தொழிலாளர்களைக் கொண்டு மறுசுழற்சி ரப்பரில் பை தைத்து 'சமார்' என்ற பெயரிலேயே விற்கத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட ஒரு சாதிப் பெயரையே கடைப் பெயராக்கிய துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

"தோலா? சாமி அறைப் பக்கம் கொண்டு போகாதே" என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் உணர்வை மதிக்கிறேன். பசுத்தோல் வேண்டாம் என்போர் ஆட்டுத்தோல் என்று கேட்டு வாங்கலாம். தோலே வேண்டாம் என்போர் நல்ல கனமான கேன்வாஸ் துணிப் பை வாங்கலாம். ரெக்சினைத் தோல் விலைக்கு வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

எது தோல், எது தோல் மாதிரி?

அண்ணாச்சி சொன்ன முதல் பாடம் ஓரம். பையின் மூடி, வார், உட்பை இவற்றில் எங்கேனும் வெட்டிய விளிம்பு மடிக்காமல் தெரியும். அங்கே குறுக்கே பாருங்கள். தோலானால் நார் நாராக, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ரெக்சினானால் மேலே வழுவழுப்பான ஒரு படலம், கீழே நெய்த துணி அல்லது பஞ்சு போன்ற அடித்தளம் என்று இரண்டு அடுக்கு தெரியும். எல்லா ஓரங்களையும் தடித்த சாயம் பூசி மறைத்திருந்தால், உள்ளே ஜிப் தைத்த இடத்தில் தேடுங்கள். எங்கேயும் பார்க்கவே முடியவில்லை என்றால் கடைக்காரரைக் கேளுங்கள். அதே தோலின் வெட்டுத்துண்டு ஒன்று எந்தப் பட்டறையிலும் கிடக்கும்.

அடுத்தது விரலால் அழுத்திப் பார்ப்பது. தோல், நம் புறங்கைத் தோல் போலவே, அழுத்திய இடத்தைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் விட்டுத் திரும்பும். ரெக்சின் வெறுமனே குழியும். மயிர்த்துளைகள் எங்கும் ஒரே இடைவெளியில் அச்சடித்தது போல் இருந்தால் அது அச்சடித்ததுதான். எச்சரிக்கை: மலிவான தோலின் மேலும் இதே மாதிரி அச்சு அடிப்பதுண்டு. ஆகவே ஒரே சோதனையை நம்பாமல் ஓரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில கடைகளில் லைட்டரைக் கொளுத்தி ஒரு விநாடி காட்டி "பாருங்கள், எரியவில்லை" என்று வித்தை காட்டுவார்கள். அதில் எதுவும் நிரூபணமாகாது. பைதான் கருகும்.

'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தரத்தைச் சொல்லும் முத்திரையன்று. தோல் என்பதை மட்டுமே சொல்கிறது. கனத்த தோலைக் கிடைமட்டமாகப் பிளந்து எடுப்பார்கள். மயிர் முளைத்த மேல்பகுதி நெருக்கமான நார் கொண்டது. அதைச் சீவாமல் அப்படியே வைத்தால் 'ஃபுல் கிரெயின்'. தழும்புகள் மறைய மேலே தேய்த்துப் பூச்சு ஏற்றினால் 'கரெக்டட் கிரெயின்'. அடியில் மிஞ்சுவது 'ஸ்ப்ளிட்'. அதற்கும் ஜெனுயின் என்றே முத்திரை குத்தலாம். தோல் தூளையும் சீவல்களையும் பசையில் குழைத்துத் தகடாக்கினால் 'பாண்டட்'. அது நம் ஊர் ஈரத்தில் ரெக்சினைப் போலவே உதிரும். கொசு கடித்த தழும்போ முட்கீறலோ லேசாகத் தெரிந்தால் வேண்டாம் என்று தள்ளாதீர்கள். ஃபுல் கிரெயின் தோலுக்கு அது பிறந்த அடையாளம்.

எந்த விலங்கின் தோல்? செம்மறித்தோல் பட்டுப்போல் மென்மையானது. ஆனால் எளிதில் கிழியும். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு உகந்ததன்று. வெள்ளாட்டுத்தோல் எடை குறைவு, வலு அதிகம். மணல் தூவினாற்போன்ற சிறு புள்ளி மேற்பரப்பு. என் தேர்வு அதுதான். எருமைத்தோல் தடிப்பானது, கனமானது, நெடுநாள் உழைக்கும். அலுவலகக் கோப்புகள் சுமக்கும் ஆண்களின் பைகளுக்கு நல்லது. ஒரு விஷயம்: ஓர் ஆட்டின் தோல் ஏறத்தாழ 4, 5 சதுர அடிதான் வரும். நடுத்தரப் பை ஒன்றுக்கு வார், உட்பட்டை, வெட்டுச் சேதாரம் எல்லாம் சேர்த்தால் ஒரு தோல் போதாது. ஆகவே இரண்டு தோல்களின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

பதனிடும் முறையும் கவனிக்கத் தக்கது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலுக்காகத் தமிழ்நாடு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தது. கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் அது லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பானது. வயதாக ஆக நிறம் ஆழ்ந்து அழகு கூடும். ஆனால் மழைத்துளி பட்ட இடம் கறுத்து நிற்கும். குரோமியம் உப்பில் பதனிட்டது மென்மையானது. தண்ணீரைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். இன்றைய பைகளில் பெரும்பகுதி இதுதான். இதன் மறுபக்கம் வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். பாலாற்றங்கரைத் தோல் சாலைகளின் கழிவு குறித்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. மலிவு விலைத் தோலுக்கு யாரோ எங்கோ விலை கொடுக்கிறார்கள்.

தையல், ஜிப், அட்டை

தோல் நல்லதாக இருந்தும் பை பாழாவது மூன்று இடங்களில். கைப்பிடி உடலோடு சேரும் இடம் முதலாவது. அங்கே தையல் கட்டம் போட்டு இரட்டையாக ஓடியிருக்க வேண்டும், அல்லது ஆணி இறுக்கியிருக்க வேண்டும். வெறும் பசையில் ஒட்டியிருந்தால் டிபன் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் வைத்த மூன்றாம் மாதம் கையோடு வந்துவிடும். இரண்டாவது ஜிப். பத்து தடவை திறந்து மூடுங்கள். வளைவில் சிக்குகிறதா என்று பாருங்கள். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது: உள்ளே விறைப்புக்காக வைக்கும் அட்டை. காகித அட்டையாக இருந்தால் ஒரு நல்ல மழையில் ஊறி உப்பி, பையின் அடிப்பாகம் கோணிக்கொள்ளும். "உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அண்ணாச்சி சொல்கிறார், இந்தக் கேள்வி கேட்கும் வாடிக்கையாளரிடம் அவர் கூடுதல் கவனமாகத் தைப்பாராம்!

நம் சகோதரிகளுக்கு இன்னொன்று. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஏறுகிறவர்கள் வாயில் முழு ஜிப் உள்ள பையையே வாங்குங்கள். காந்தப் பொத்தான் பை திருமண வரவேற்புக்கு. வார் குறுக்கே போடும் நீளமிருந்தால் நெரிசலில் பையை முன்னால் வைத்துக்கொள்ளலாம். உள் துணி வெளிர் நிறமாயிருந்தால் சாவி தேட எளிது. கறுப்புத் துணியுள்ள பையில் நான் சாவி தேடி நிற்கும் காட்சியை எங்கள் மாடிவாசிகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

'டிசைனர்' பை என்றால் ஒருவர் உட்கார்ந்து அளவும் வடிவும் யோசித்துச் செய்தது என்று பொருள். அதற்குக் கூடுதல் விலை நியாயமே. 1978-இல் புதுச்சேரியில் திலீப் கபூர் சிறு பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் இன்று உலகெங்கும் அறியப்பட்ட பெயர். நல்ல பெயர் வெளிநாட்டில்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை. உச்சாணிக் கொம்பில் இருப்பவை வேறு கணக்கு. நடிகை ஜேன் பர்கினுக்காக எர்மேஸ் நிறுவனம் 1980-களில் செய்த முதல் பர்கின் பை 2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. அந்தப் பையைப் படத்தில் பார்த்தால் தேய்மானமும் கறையும், அவர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடமும், நகம் வெட்டி தொங்கவிட்ட சங்கிலியுமாக இருக்கும். நம் வீட்டில் என்றால் "புதுசு வாங்கக் கூடாதா?" என்றிருப்போம்.

ஆனால் அத்தகைய பெயர்களின் பொய்ப் பலகையை ஒட்டிச் சாலையோரத்திலும் சில கடைகளிலும் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். சட்டப்படி அது குற்றமான வியாபாரம். அதோடு, பெயருக்காக வாங்குகிறவர் ஓரத்தைப் பார்க்க மாட்டார் என்று தெரிந்தே அதில் மட்டமான சரக்கைப் போடுகிறார்கள். சயான்–பாந்திரா இணைப்புச் சாலையில் வரிசையாகத் தோல் கடைகள் இருக்கின்றன. 90 அடிச் சாலைப் பக்கமும் உண்டு. பெயர்ப் பலகை இல்லாத பையைக் கேளுங்கள். பெரிய நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் கைகள் அந்தச் சந்துகளில் பல. தங்கள் பெயர் எங்கும் வராத பைகளை ஆயுள் முழுவதும் தைத்தவர்கள் அவர்கள். அளவு சொல்லித் தைக்கக் கொடுத்தாலும் செய்து தருவார்கள். பேரம் பேசலாம், ஆனால் தையற்கூலியில் கை வைக்காதீர்கள். ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

மழை வந்தால்

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும். தோல் என்பது புரதமும் எண்ணெயும். பூஞ்சைக்கு அது விருந்து. ரெக்சினுக்கோ வேறு நோய். பாலியுரேத்தேன் பூச்சு காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, நாம் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும், தானே சிதையும். என் மகளின் பைக்கு நேர்ந்தது அதுதான். அதற்கு மருந்து கிடையாது. பூஞ்சைக்கு உண்டு.

முதலில் செய்யக் கூடாதது ஒன்று. எங்கள் அம்மாவுக்குத் தேங்காய் எண்ணெய் சர்வரோக நிவாரணி. அப்பாவின் பழைய தோற்பையை ஒவ்வொரு ஆடி மாதமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாத குறையாகப் பார்த்துக்கொள்வார். அன்று பளபளக்கும். இரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், திட்டுத்திட்டாகக் கறுக்கும், அதன்மேல் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். அம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவுவார்! சமையல் எண்ணெய்கள் தோலுக்குள் கெட்டுப்போகின்றன. தோலுக்கென்று விற்கும் க்ரீம் அல்லது தேன்மெழுகு கலந்த பூச்சு ஆண்டுக்கு இரண்டு தடவை, பட்டாணி அளவு, மெல்லிய துணியில் எடுத்துத் தடவினால் போதும். ஒன்று மழைக்கு முன் மே மாதத்தில், மற்றொன்று மழை ஓய்ந்து அக்டோபரில். பூட் பாலிஷ் கூடவே கூடாது. அதன் சாயம் புடவையில் இறங்கும்.

நனைந்த பையைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிய பழைய செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு விடுங்கள். செய்தித்தாளை நேராக வைத்தால் மை ஒட்டும். வெயிலில் காய வைத்தாலோ, முடி உலர்த்தும் கருவியைக் காட்டினாலோ தோல் விறைத்து வெடிக்கும்.

பூஞ்சை பிடித்துவிட்டதா? வீட்டுக்குள் தட்டாதீர்கள், அதன் விதை பறந்து அடுத்த பைக்குப் போகும். பால்கனிக்கு எடுத்துப் போய் உலர்ந்த துணியால் துடையுங்கள். அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்து நிழலில் காய விடுங்கள். முன்னதாக அடிப்பக்கம் ஒரு மூலையில் சோதித்து, நிறம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்திலும் வாரிலும் கையழுக்கு சேரும் இடங்களில்தான் பூஞ்சை முதலில் வரும். வாரம் ஒரு தடவை உலர்ந்த துணியால் துடைக்கும் வீட்டில் அது அதிகம் தலைகாட்டாது.

பிளாஸ்டிக் உறையில் கட்டி லாஃப்டில் ஏற்றுவதுதான் நம் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. "புதுசா இருக்கட்டும்" என்று பொத்தி வைத்த பைதான் முதலில் கெடுகிறது. பழைய வேட்டித் துணியில் தைத்த உறையோ தலையணை உறையோ போதும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருவதையே எடுத்து வைத்துக்கொள்ளலாம். பாச்சை உருண்டையைத் தோல்மேல் படும்படி வைக்க வேண்டாம். கொக்கியில் தொங்கவிட்டால் வார் நீளும். நிமிர்த்தி உட்கார வையுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துக்கொண்டு போங்கள்.

கறைகளில் நம் வீட்டுக் கறைகள் தனி வகை. சேடா நகர் முருகன் கோயில் குங்குமப் பொட்டலம் பைக்குள் அவிழ்ந்தால், தண்ணீர் படாமல் முதலில் தட்டி, பிறகு தூரிகையால் துடைக்க வேண்டும். ஈரம் பட்டால் சாயமாக இறங்கிவிடும். மாதுங்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை இலையோடு பைக்குள் வைக்காதீர்கள். ஈரம் உள் துணியில் தங்கும். சாம்பார் எண்ணெய் கசிந்தால் சோள மாவைத் தூவி ஓர் இரவு விடுங்கள். எண்ணெயை அது இழுக்கும். பால்பாயிண்ட் மையை எடுக்க நகப்பூச்சு நீக்கியைப் பயன்படுத்தினால் மையோடு தோலின் நிறமும் போகும். கைக்குத் தெளிக்கும் சானிடைசரும் அப்படியே. பேனாவுக்கு மூடி போடுவதைத் தவிர அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பழுது பார்க்கும் இடம்

ஜிப் ரன்னர் மாற்றவும், வார் புதிதாய்ப் போடவும், ஓரச் சாயம் பூசவும் தைத்த பட்டறையே சிறந்த இடம். நல்ல தோற்பை அப்படி இரண்டு மூன்று ஆயுள் வாழும். ஆனால் அந்தப் பட்டறை அங்கேயே இருக்குமா என்பது இப்போது கேள்வியாகிவிட்டது. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யாருக்கு அங்கேயே இடம், யாருக்கு வேறிடம் என்ற கவலையில் மேல் மாடியில் இரண்டு தையல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

என் மகளுக்கு அண்ணாச்சி தைத்துக் கொடுத்த வெள்ளாட்டுத்தோல் பை நான்கு மழை பார்த்துவிட்டது. பழுப்பு நிறம் சற்று ஆழ்ந்திருக்கிறது. வாரில் ஒரு கீறல். சென்ற மாதம் ரன்னர் மாற்றப் போனபோது அவர் கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். பிறகு ரசீதின் பின்பக்கத்தில் தம் கைபேசி எண்ணையும், மகனின் எண்ணையும் எழுதித் தந்தார். "இடம் மாறினாலும் கூப்பிடுங்கக்கா, எங்கே இருந்தாலும் தைச்சுத் தாரேன்" என்றார். நீங்களும் பை வாங்கும்போது எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.